மண்ணும் கல்லும் எவ்வளவு போகிறது? அரசாங்கத்தின் சுரங்கத்துறைப் புள்ளிவிபரம் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு விமர்சனம்

இலங்கை முழுவதுக்குமாகச் சுரங்கத்துறை கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டுமானால் அரசாங்கம் வெளியிடும் புள்ளிவிபரம் தாராளமாகப் போதும். நம்பிப் பாவிக்கலாம், காசும் கேட்க மாட்டார்கள். ஆனால் வடமராட்சி கிழக்கில் இருந்து போன வருடம் எத்தனை கியூப் மண் ஏறிப் போனது, வலிகாமத்தில் எவ்வளவு சுண்ணாம்புக்கல் கிண்டி எடுத்தார்கள் என்று கேட்டால் அதே புள்ளிவிபரத்திடம் பதில் இல்லை. நான் எழுத வந்தது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

நான் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறவன். செயற்திட்டத்துக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் வருடா வருடம் மணல் அகழ்வைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு வாசலால் டிப்பரில் போகிற விஷயம். "சேர், ஒரு வருசத்துக்கு எவ்வளவு போகுது எண்டு எங்க பார்க்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்த வெளியீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடைக்கும் சாப்பாட்டுக்கும் போனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். புள்ளிவிபரமும் எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவைதானே, அதற்கும் யாராவது எழுத வேண்டும்.

முதலில் பெரிய சரக்கு. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேசிய கணக்குகளை வெளியிடுகிறது. ஒரு காலாண்டு முடிந்து ஏறக்குறைய இரண்டரை மாதத்தில், அதாவது மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் நடுப்பகுதிகளில் இணையத்தளத்துக்கு வந்துவிடும். இது உண்மையிலேயே நல்ல விஷயம், பாராட்டியே ஆக வேண்டும். எக்செல் கோப்பாகவே தருகிறார்கள், பழைய காலாண்டுகளும் சேர்ந்தே இருக்கும், அடிப்படை ஆண்டு, அதாவது விலைகளை ஒப்பிட நிலையாக வைத்திருக்கும் வருடம், இப்போது 2015. அதற்கு முந்தைய தொடர் 2010ஐ அடிப்படையாகக் கொண்டது, ஆகவே இரண்டையும் அப்படியே ஒட்டி ஒரே வரைபடமாகக் கீறக்கூடாது. பிள்ளைகள் இதைத்தான் அடிக்கடி செய்துவிட்டு "2015இல் திடீரென்று பாய்ந்திருக்கு" என்று வந்து சொல்வார்கள். இன்னொன்று, முந்தைய காலாண்டுகளின் எண்களையும் பிறகு திருத்துவார்கள், எனவே போன வருடம் இறக்கி வைத்த கோப்பை நம்பிக்கொண்டு இருக்காமல் ஒவ்வொரு தடவையும் முழுத் தொடரையும் புதிதாக இறக்குவது நல்லது.

சரி, அந்தக் கோப்பைத் திறந்தால் விவசாயம், கைத்தொழில், சேவைகள் என்று மூன்று பெரும் பிரிவு. கைத்தொழிலுக்குள் போனால் 'சுரங்கமகழ்தலும் கல்லுடைத்தலும்' என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு ஒரு சில வீதம் மட்டும் என்பதால் அதை உடைத்துக் காட்டத் தேவையில்லை என்று கொழும்பில் இருந்து பார்க்கும்போது தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

உலக நாடுகள் பாவிக்கும் தொழில் வகைப்படுத்தலில் சுரங்கத்துறை 'பி' பிரிவு. அதற்குள் ஐந்து உட்பிரிவு: 05 நிலக்கரி, 06 எண்ணெயும் எரிவாயுவும், 07 உலோகத் தாதுகள், 08 மற்றக் கனியங்களும் கல்லும், 09 சுரங்கங்களுக்கான துணைச்சேவை. எங்கள் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. மன்னார்க் கடற்படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள், ஆனால் இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை. உலோகத் தாது என்று சொன்னால் பெரும்பாலும் புல்மோட்டைக் கனிய மணல், அந்த இல்மனைட் முதலியவை. மீதி எல்லாம் 08க்குள் வந்து விழுகிறது. இரத்தினபுரி மாணிக்கக்கல், போகலை காரீயம் (பென்சிலுக்குள் வைக்கும் கிராபைட்), எப்பாவல பொஸ்பேற், கொழும்புப் பக்கத்துக் கருங்கல் சல்லி, புத்தளம் அறுவக்காட்டுச் சுண்ணாம்புக்கல், எங்கள் மணற்காட்டு மணல், குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல், எல்லாம் ஒரே சாக்கில். இன்னும் ஒன்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்: கடல்நீரை ஆவியாக்கி உப்பு எடுப்பதும் சுரங்கத்துறைதான், 0893 என்ற வகுப்பு. ஆகவே ஆனையிறவு உப்பளத்தில் அள்ளும் உப்பு கணக்கில் சுரங்க உற்பத்தி. அதே உப்பைச் சுத்திகரித்து அயடீன் சேர்த்துச் சாப்பாட்டு உப்பாகப் பொதி செய்தால் அந்த வேலை உணவு உற்பத்திக்குள் போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு காலாண்டில் மாணிக்கக்கல் விலை ஏறுகிறது, அதே காலாண்டில் கட்டட வேலை படுத்து மணலும் சல்லியும் குறைகிறது, உப்பளத்தில் மழை பெய்து விளைச்சல் போய்விடுகிறது. அந்த ஒரு வரி என்ன சொல்லும்? 'சிறிதளவு வீழ்ச்சி' என்று ஏதோ ஒன்றைச் சொல்லும், அதை வைத்து யாருக்கும் எதுவும் தெரியாது. நாட்டளவில் பொதுவாக இந்த வரி கட்டுமானத்துறையோடு சேர்ந்துதான் மேலே கீழே போகிறது. 2022இல் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியபோது சீமெந்து விலையும் டீசல் தட்டுப்பாடும் கட்டட வேலைகளை நிற்பாட்டின, சுரங்கத்துறை வரியும் அதோடு சேர்ந்து விழுந்தது. இந்த அளவு வாசிப்புக்கு அந்தக் கோப்பு நன்றாகவே உதவும். வகுப்பில் பெரும்பொருளாதாரம் படிப்பிக்க 5க்கு 4 கொடுப்பேன்.

சுண்ணாம்புக்கல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990 வரை ஓடியது, பக்கத்திலேயே கல்லை வெட்டி, முருங்கனில் இருந்து களிமண்ணை ரயிலில் கொண்டுவந்து சீமெந்து ஆக்கினார்கள். இப்படிக் கல்லுக்குழியும் தொழிற்சாலையும் ஒரே நிறுவனமாக, ஒரே கணக்குப் புத்தகமாக இருந்தால், வெட்டிய கல்லின் பெறுமதி சுரங்கத்துறையில் தனியாகத் தெரியாமல் சீமெந்து உற்பத்திக்குள் கரைந்து போகலாம். சீமெந்தும் சுண்ணாம்பும் செய்வது 'சி' பிரிவு, அதாவது உற்பத்தித் தொழில். ஆகவே சுரங்கத்துறை எண்ணை மட்டும் பார்த்து இவ்வளவு கல்தான் போனது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம், அது குறைந்த கணக்காகவே இருக்கக்கூடும்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனக்குறையான விஷயம். இந்தக் கணக்கு எல்லாம் ரூபாவில். எடுத்த பொருளின் பெறுமதியில் இருந்து டீசல், உதிரிப்பாகம், வெடிமருந்து போன்ற செலவைக் கழித்தால் வருவது கூட்டப்பட்ட பெறுமதி, அதைத்தான் அட்டவணையில் போடுகிறார்கள். விலை ஏற்றத்தை நீக்கிய நிலையான விலைக் கணக்கும் இருக்கிறது, நடைமுறை விலைக் கணக்கும் இருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் எடுத்தால் 2022இல் மணல் விலை ஏறியதை மணல் கூடுதலாக எடுத்ததாக வாசித்துவிடலாம். பொருளாதாரம் படிப்பவருக்கு இது விளங்கும். ஆனால் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குத் தேவைப்படுவது கன மீற்றர் கணக்கு. எத்தனை ரூபா என்று தெரிந்தால் அவர்களுக்கு என்ன பிரயோசனம், எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு மேடு குறைந்தது என்றுதான் தெரிய வேண்டும்.

அலகு குழப்பமும் கொஞ்சமல்ல. ஊரில் எல்லாரும் கியூபில் பேசுகிறோம், அனுமதிப்பத்திரத்தில் கன மீற்றர் வரலாம், வெளிநாட்டு அட்டவணைகளில் மெற்றிக் தொன். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். உலர்ந்த மணல் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.6 தொன் என்று எடுத்தால் ஒரு கியூப் நாலரைத் தொன் அளவில் வரும், மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் ஒன்றில் பதின்மூன்று தொன்னுக்கு மேல் போகிறது. ஈர மணல் என்றால் இன்னும் பாரம். செயற்திட்டம் செய்கிற பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு அட்டவணையையும் இன்னொன்றையும் ஒப்பிடவே முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் யாழ்ப்பாணத்தில் கல்லும் மண்ணும் வெறும் கட்டடப் பொருள் இல்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது, மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். குடிக்கிற தண்ணீர், தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் எல்லாம் மழை பெய்து மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்கிற நன்னீர். அதுவும் கீழே இருக்கிற உப்புநீருக்கு மேல் வில்லை போல மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் தாங்கும் என்பது பொதுவான கணிப்பு. மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லைக் கிண்டிப் பெரிய பள்ளமாக்கினால் தண்ணீர் வெயிலுக்குத் திறந்து ஆவியாகும், அழுக்கும் நேரே இறங்கும். வடமராட்சி கிழக்கு மணல்மேடுகளும் அப்படித்தான், மழைநீரை உள்ளே வைத்திருப்பதும் அவைதான், கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பதும் அவைதான். 2004 டிசெம்பர் 26 சுனாமி அடித்த கரை அது, அங்கே ஒரு மேடு குறைவது என்றால் என்ன என்று அந்த ஊர்ச் சனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இவை எதுவும் கழிக்கப்படுவதில்லை. மணலை விற்ற காசு வருமானமாக ஏறும், போன மேடு நட்டமாக எங்கும் பதியாது. வளவில் நின்ற பனையைத் தறித்து விற்றுவிட்டு அந்தக் காசை மாத வருமானம் என்று எழுதுவது போன்றது இது. இது இலங்கை மட்டும் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம், உலகம் முழுக்க மொத்த உற்பத்திக் கணக்கின் விதி அப்படித்தான் இருக்கிறது. அதற்காகத்தான் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு 2012இல் சுற்றாடல்-பொருளாதாரக் கணக்கு முறை ஒன்றைச் சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொண்டது, அதில் கனிய இருப்பு வருடத் தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று பொருள் அளவிலேயே கணக்கு வைக்கலாம். முழு நாட்டுக்கும் செய்ய வசதியில்லை என்றால் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு மட்டும் செய்யட்டும். 1,025 சதுர கிலோமீற்றர், 15 பிரதேச செயலகப் பிரிவு, 435 கிராம சேவகர் பிரிவு. இதைவிடச் சின்னப் பரிசோதனைக் களம் எங்கே கிடைக்கும்?

மத்திய வங்கியின் வெளியீடுகளைப் பற்றிக் கொஞ்சம். வருடாந்தப் பொருளாதார மீளாய்வில் எழுத்து விளக்கம் நன்றாக இருக்கும், ஏன் கூடியது ஏன் குறைந்தது என்று காரணம் சொல்லியிருப்பார்கள். ஏற்றுமதி அட்டவணையில் கனிய ஏற்றுமதி தனி வகை, மாணிக்கக்கல்லும் ஆபரணமும் கைத்தொழில் ஏற்றுமதிக்குள் வேறாக வரும், இதைத் தெரியாமல் கூட்டினால் பிழைக்கும். மாகாண ரீதியான உற்பத்தியும் அவர்கள்தான் கணிக்கிறார்கள், வடமாகாணத்தில் கைத்தொழிலின் பங்கு எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கைத்தொழிலுக்குள் கட்டுமானமும் இருக்கிறது, தும்புத் தொழிற்சாலையும் இருக்கிறது, மணலும் இருக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஐந்தும் ஒன்றாகவே நிற்கிறது. எங்கள் கேள்விக்கு இது உதவாது, 5க்கு 2.

உண்மையான தங்கச்சுரங்கம் அனுமதிப்பத்திரத் தரவுதான். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ் வந்தது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், எங்கள் பக்கத்தில் எல்லாரும் கனியவளத் திணைக்களம் என்றே சொல்வார்கள். நீண்ட பரம்பரை உள்ள இடம் அது. 1903இல் கனியவியல் அளவை தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி, கலையைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். தோரியனைற் என்ற கனியத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தக் காலத்தில்தான். இன்றைக்கு மணல், கிரவல், கல் எதை எடுப்பதென்றாலும் அகழ்வு அனுமதி வேண்டும், ஏற்றிப் போவதற்குப் போக்குவரத்து அனுமதி வேண்டும். அந்தப் போக்குவரத்துப் பெர்மிட்டில் எங்கே இருந்து, எங்கே, எத்தனை கியூப், எந்த வாகனம் என்று எல்லாம் இருக்கும். யோசித்தால் இதைவிட நல்ல மூலத்தரவு எந்த நாட்டுப் புள்ளிவிபரக்காரருக்கும் கிடைக்காது. தனியாக ஒரு அளவீடு நடத்தத் தேவையில்லை, மாதாமாதம் கூட்டிப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் போட்டால் போதும்.

இந்தத் தரவு எவ்வளவு எளிதில் அறுந்து போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019 டிசெம்பரில் மணல், மண், களிமண் கொண்டுபோகும் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தையே அமைச்சரவை நீக்கியது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இடைக்காலத் தடை போட்டது. நடுவில் ஓடிய மாதங்களில் ஒவ்வொரு லோடுக்கும் பதிவு இருந்திருக்காது. சுற்றாடல்காரர்கள் அதைச் சட்டவிரோத அகழ்வுக்கு வழி திறந்ததாகப் பார்த்தார்கள், சரியான பார்வை. நான் அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: எண்ணிக்கையை நிற்பாட்டினால் பிறகு எத்தனை வருடம் போனாலும் அந்த மாதங்களின் கணக்கை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அனுமதி இல்லாமல் எடுக்கிறதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தேசிய கணக்கு விதிப்படி சட்டவிரோதமாக நடந்தாலும் உற்பத்தி உற்பத்திதான், மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அதை மறைமுகமாக மதிப்பிட வழி இருக்கிறது: எத்தனை கட்டடம் எழும்பியது, எவ்வளவு சீமெந்து விற்றது என்று பார்த்து அதற்கு எவ்வளவு மணல் தேவைப்பட்டிருக்கும் என்று திருப்பிக் கணக்குப் போடுவது. அனுமதித்த அளவுக்கும் இந்தக் கணக்குக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் களவாகப் போனது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். குடாநாட்டில் இது இன்னும் சுலபம். பெரிய வாகனம் வெளியே போகவும் உள்ளே வரவும் முக்கியமான பாதை இரண்டுதான், ஏ9இல் ஆனையிறவு, மற்றது சங்குப்பிட்டிப் பாலம். இரண்டு இடத்தில் எண்ணினால் பெரும்பகுதி பிடிபடும். இதில் ஒரு நேர்மையும் வேண்டும்: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு உள்ளே வருகிற மணலும் நிறைய, எங்கள் வீடுகள் பலவும் அந்த மண்ணில்தான் எழும்பியிருக்கின்றன. வெளியே போவதை மட்டும் எண்ணி உள்ளே வருவதை விட்டால் அது பக்கச்சார்பான கணக்கு.

மண் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போருக்குப் பிறகு இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டியது கல்லாலும் மண்ணாலும்தான், டிப்பர் ஓடுகிறவர்களும் சல்லி அடிக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு எண் இருந்தால் அவர்களும் சட்டப்படி நிம்மதியாக வேலை செய்யலாம். எண் இல்லாத இடத்தில்தான் வதந்தியும் சண்டையும் கூடுகிறது.

சேவை எப்படி என்று கேட்பவர்களுக்கு: பெயர் சொல்ல விரும்பாத ஒரு அரச அலுவலகத்துக்குப் போய்ப் பிரதேசவாரியான அகழ்வு அளவு கேட்டேன். முன்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சேர், இதெல்லாம் மேலுக்கு அனுப்பிறம், இங்க கூட்டி வைக்கிறேல்ல" என்றார். கோப்புகள் அவருக்குப் பின்னால் அலுமாரியில் அடுக்கியபடி இருந்தன. அவரில் பிழை சொல்ல முடியாது, கூட்டச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை, கூட்டினால் போட ஒரு படிவமும் இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது, தரவு இல்லை என்பதைவிட இருந்தும் யாரும் கூட்டுவதில்லை என்பது.

மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. சனத்தொகை, நெல், மீன், பாடசாலை, வீதி எல்லாம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக இருக்கும், கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்தில்) வருடா வருடம் தொகுக்கிறார்கள். மீன்பிடிக்கு எத்தனை வள்ளம், எத்தனை கிலோ என்று எவ்வளவு நுணுக்கமாக எழுத முடிகிறதோ அதே நுணுக்கத்தோடு மணலுக்கும் கல்லுக்கும் உப்புக்கும் ஒரு பக்கம் வேண்டும். இருக்கிற அளவில் இந்தக் கைநூலுக்கு 5க்கு 3, அந்தப் பக்கம் வந்தால் முழுதும் கொடுப்பேன்.

வெளிநாட்டுக்காரர் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிடாமல் விமர்சனம் எழுத முடியாது. அமெரிக்கா 1840ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே சுரங்கங்களைப் பற்றிக் கேட்டுப் பதிந்தது. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 2இலும் 7இலும் முடியும் வருடங்களுக்குப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், கடைசியாக 2022க்கு. நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. எத்தனை நிறுவனம், எத்தனை தொழிலாளர், சம்பளம் எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்று மாநில வாரியாக வரும். அதோடு அவர்களுடைய புவியியல் அளவைத் திணைக்களம் கட்டட மணலுக்கும் சரளைக்கும் தனியாக, மாநிலவாரியாகத் தொன் கணக்கு வெளியிடுகிறது. எங்களுக்குத் தேவை அந்த இரண்டாவது மாதிரிதான். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. ஒரு மாநிலத்தில் ஒன்றிரண்டு கம்பனி மட்டும் இருந்தால் அவர்களின் இரகசியம் வெளியே தெரியக்கூடாது என்று எண்ணை மறைத்து 'டி' அல்லது 'டபிள்யூ' என்று ஒரு எழுத்தைப் போட்டுவிடுவார்கள். நியாயமான விதிதான், ஆனால் ஒரே ஒரு குவாரி இருக்கிற பிரதேசத்தில் இருப்பவருக்கு அந்த எழுத்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் வெளியிடத் தொடங்கினாலும் இதே காரணத்தைச் சொல்லக்கூடும், இப்போதே யோசித்து வைக்க வேண்டும். என்னுடைய அபிப்பிராயம், கனியம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம், ஆகவே எடுத்த அளவு கம்பனியின் இரகசியம் ஆக முடியாது, இலாபம் வேண்டுமானால் இரகசியமாக இருக்கட்டும்.

இந்தியாவில் மாதாமாதம் வரும் கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண்ணில் சுரங்கத்துக்கும் இடம் உண்டு, 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் மொத்தச் சுட்டெண்ணில் அதன் பங்கு 14.37 வீதம். எங்களுடைய மாதச் சுட்டெண் உற்பத்தித் தொழிலை மட்டும் பார்க்கிறது, சுரங்கத்துக்குக் காலாண்டு வரை காத்திருக்க வேண்டும். பிரித்தானியப் புவியியல் அளவை 1913இல் இருந்து உலக நாடுகளின் கனிய உற்பத்தியைத் தொகுத்து வருகிறது, எங்கள் நாட்டுக் காரீயமும் இல்மனைட்டும் அதில் பார்க்கலாம், இலவசம், பாவிக்கவும் மிகச் சுலபம். ஆனால் கட்டட மணல் அதில் இல்லை. உலகம் வருடத்துக்கு ஏறக்குறைய 50 பில்லியன் தொன் மணலும் சரளையும் பாவிக்கிறது என்று ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் சொல்கிறது, அதுவும் மதிப்பீடுதான், ஏனென்றால் எங்களைப் போலவே பல நாடுகள் எண்ணுவதில்லை.

சுங்கத் தரவு ஒரு நல்ல துணை. உப்புக்கு 2501, காரீயத்துக்கு 2504, மணலுக்கு 2505, தைத்தானியத் தாதுவுக்கு 2614 என்று குறியீட்டைப் போட்டுத் தேடினால் எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது என்று கிலோ வரை வரும். இங்கிருந்து போனதாக எழுதிய அளவையும் அங்கே வந்ததாக அவர்கள் எழுதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், மன்னாரில் கனிய மணல் எடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் புல்மோட்டைக்கு இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்து பார்த்தால் நல்லது. மாவட்டத்துக்கு மாவட்டம் லொறியில் போவது சுங்கத்துக்குத் தெரியாது என்பதால் எங்கள் மணலுக்கு இது உதவவில்லை.

ஆகவே இப்போதைக்கு இருக்கிற ஒரே வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பொதுவாக "மணல் அகழ்வு விபரம் தாருங்கள்" என்று எழுதினால் பொதுவாகவே பதில் வரும். இப்படி எழுதுங்கள்: குறிப்பிட்ட வருடத்தில், குறிப்பிட்ட பிரதேச செயலகப் பிரிவில் வழங்கிய அகழ்வு அனுமதிப்பத்திரங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் அனுமதித்த கன மீற்றர், அதே காலத்தில் வழங்கிய போக்குவரத்து அனுமதிப்பத்திரங்களின் மொத்தக் கன மீற்றர், அறவிட்ட உரிமைப்பணம் (கனியம் எடுப்பதற்கு அரசுக்குக் கட்டும் றோயல்ற்றி). மணல், சுண்ணாம்புக்கல், கிரவல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். உரிமைப்பணத்தைக் கட்டாயம் சேருங்கள், காசுக் கணக்கு எங்காவது கூட்டி வைத்திருப்பார்கள், அதை உரிமைப்பணம் அறவிடும் வீதத்தால் வகுத்தால் அளவு தானாக வரும்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இம்முறை மருதங்கேணி, கரவெட்டி, தெல்லிப்பழை என்று பிரதேசங்களைப் பிரித்துக்கொண்டு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேறு பாடசாலைகளில் யாராவது சாவகச்சேரியையும் தீவுப்பகுதியையும் எடுத்தால் ஒரே மாதிரிப் படிவத்தில் கேட்போம், வருகிற பதில்களை ஒரே அட்டவணையில் போடலாம், கியூபிலும் கன மீற்றரிலும் இரண்டாகவே எழுதி வையுங்கள்.